ஐட்லிங் இல்லாத வேனில் விருத்தாசலம் வரை

2004 ஆகஸ்ட் 21, சனிக்கிழமை. காலை 6.40 மணிக்குச் சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து புறப்பட்டோம். வண்டி 1991-இல் வாங்கிய பெட்ரோல் வேன். வெள்ளை நிறம், பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, பின்கதவில் ‘பள்ளி வாகனம்’ என்ற எழுத்து. ஓட்டுநரும் உரிமையாளருமான ஆரோக்கியதாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் பக்கத்தில் நான். பின்னால் ஒன்பது பிள்ளைகள் உட்காரும் இடம் காலி. போகும் இடம் விருத்தாசலத்துச் செராமிக் டவுன், ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இந்த எஞ்சின் ஏன் நிற்கிற இடத்திலெல்லாம் அணைந்துபோகிறது என்று தெரிந்துகொள்ளப் போனோம்.

வண்டி ஓடாமல் நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஐட்லிங். இந்த வேனில் அது இல்லை. சாலையில் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. பிரேக் போட்டு நிறுத்தினால் எஞ்சின் ஒருமுறை உறுமும், ஒருமுறை அடங்கும், மறுபடி உறுமும், பிறகு ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை காலை 8.12-க்கு அது நின்ற இடம் ரயில் தண்டவாளம். கேட் திறந்திருந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காக ஆரோக்கியதாஸ் வேகத்தைக் குறைத்தார், முன்சக்கரங்கள் முதல் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன, எஞ்சின் அணைந்தது. உள்ளே ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, சைக்கிளில் வந்த இருவர் கைகொடுக்க, வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார். ரயில் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது என்று கேட்மேன் ஆறுதலாகச் சொன்னாராம். ஏழு நிமிடம்! எங்கள் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு முத்திரை குத்தவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

மறுநாள் மாலை பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமை சிஸ்டர் தீர்மானமாகச் சொன்னார்: வண்டி சரியாகிவிட்டது என்று பெற்றோரில் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தரவேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றுவார்கள். ஆரோக்கியதாஸுக்கு இந்தப் பள்ளி ஓட்டத்தைத் தவிர வேறு நிலையான பிழைப்பு இல்லை. அதைக் கூட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். பார்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம், இந்த வேன் நின்ற ஒவ்வொரு தடவையையும் நாள், மணி, இடத்தோடு எழுதிவைத்திருப்பவன் நான் ஒருவன்தான். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு அது நடந்ததாகவே படும்.

என் குறிப்பின்படி முதல்முறை நின்றது ஜூலை 12. அன்றிலிருந்து பதினோரு முறை. இடையே சிதம்பரத்திலேயே மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் ஐட்லிங்கைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திருகு இருக்கிறது. முதலாமவர் அதை ஒரு சுற்று சுற்றி, “ஏத்தி வுட்டிருக்கேன், இனிமே நிக்காது” என்றார். மூன்றாம் நாள் நின்றது. இரண்டாமவர் முதலாமவரைத் திட்டிவிட்டு அதே திருகை இன்னும் முக்கால் சுற்று சுற்றினார். மூன்றாமவர் இருவரையும் திட்டிவிட்டு ஒன்றரைச் சுற்று. காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைக்காமல் போர்வையை மட்டும் மாற்றி மாற்றிப் போர்த்துவதைப் போல இருந்தது. இப்போது வண்டி நிற்காதபோது வெறிகொண்டு உறுமுகிறது, உறுமாதபோது நிற்கிறது.

காலை 7.04. புவனகிரி கடைத்தெரு. முன்னால் ஒரு பேருந்து ஆள் ஏற்ற நிற்க, ஆரோக்கியதாஸ் வலது காலின் குதிகாலைப் பிரேக்கிலும் விரல்களை ஆக்சிலரேட்டரிலும் வைத்துச் சமாளித்துப் பார்த்தார். குலுங்கி நின்றது. நான் நோட்டை எடுத்தேன்.

“எழுதிட்டீங்களா சார்?”

“எழுதிட்டேன். 7.04.”

“செகண்டையும் போட்டுக்குங்க. நாளைக்கு எவனாவது கேப்பான்.”

எனக்குக் கோபம் வந்தது. “என் பொண்ணு தண்டவாளத்து மேல இருந்தா, ஆரோக்கியதாஸ். அதுக்கு நான் எழுதாம வேற என்ன செய்யறது?”

“உங்க பொண்ணு ஒருத்தி சார். நான் ஒம்பது பேரையும் கையப் புடிச்சி எறக்கினேன். கடைசிப் புள்ளைய எறக்கற வரைக்கும் எனக்கு மூச்சே இல்ல. அது உங்க நோட்டுல இருக்குதா?”

இல்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

7.45. சேத்தியாத்தோப்பு. டீ மூன்று ரூபாய். எஞ்சினை அணைக்காமல் சாலையோரம் நிறுத்தி, ஒருவர் வண்டியில் இருக்க ஒருவர் இறங்கி, முறைவைத்துக் குடித்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே போகும் சாலையைச் சாலை என்று கணக்கெடுத்தவர் அதில் ஒருமுறையாவது பயணம் செய்திருப்பாரா என்று தெரியவில்லை. பள்ளங்களுக்கு நடுவே மிச்சம் இருந்த தாரைத் தேடித்தேடி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் எஞ்சின் உயிரை விடப் பார்க்கும்.

8.30. கம்மாபுரம். வயல்களுக்கு அப்பால் நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடுகள் நீளமாகத் தெரிந்தன. மலையென்று நினைத்தேன். உச்சி தட்டையாக இருந்ததால்தான் மனிதன் கொட்டியது என்று புரிந்தது. அங்கே பன்னிரண்டாவது முறையைத் தாண்டிப் பதின்மூன்றாவது முறை நின்றது. இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் இறங்கித் தள்ளிக்கொடுத்தார். என்ன கோளாறு என்று கேட்டார். எங்கே எப்போது நிற்கும் என்றே சொல்ல முடியவில்லை என்றேன்.

“எங்க ஊரே எந்த வருசம் இருக்கும், எந்த வருசம் எடுத்துக்குவாங்கன்னு தெரியல. உங்க வண்டிக்கு இம்புட்டு அலுத்துக்கிறீங்களே” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் அது சிரிப்புக்குச் சொன்னதல்ல. சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்த அறிவிப்பைப் பற்றி அவர் விவரமாகப் பேச ஆரம்பித்தபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதிப் பேச்சில் ஏறிப் போய்விட்டோம். இந்தப் பயணத்தில் நான் செய்த மரியாதைக்கேடுகளில் இது முதலாவது.

9.15. விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. செராமிக் டவுன் என்பது வரிசை வரிசையாகச் சிறு தொழிற்கூடங்கள் இருக்கும் பேட்டை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள், புகைபோக்கிகள், தெருவெல்லாம் வெள்ளை மண்தூள். வேப்பமர இலைகளே வெளுத்திருந்தன. வாசல்களில் உடைந்த பீங்கான் குவியல் குவியலாகக் கிடந்தது. கைபிடி இல்லாத கோப்பை, தும்பிக்கை இல்லாத யானை, பாதி பியூஸ் கட்டை.

பேட்டையின் ஓரத்தில் கலியபெருமாளின் மெக்கானிக் ஷெட். ஆரோக்கியதாஸின் மனைவியின் தங்கை புஷ்பம் அங்கே ஒரு பியூஸ் கட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கலியபெருமாள் கெட்டிக்காரர் என்று தகவல் சொன்னவர் அவர்தான். புஷ்பம் வேலைக்குப் போகிற வழியில் ஷெட்டில் எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையின் மூன்று விரல்கள் நகக்கண் வரை நீலமாக இருந்தன.

“என்னா மாமா, வண்டி ஓட்டிக்கினு வந்தீங்களா, தள்ளிக்கினு வந்தீங்களா?”

“ரெண்டுந்தான்.”

“அக்கா போன்ல அழுவுது. ஞாயித்துக்கெழம பூசைக்கு நேந்துக்கினு இருக்குதாம். கலியபெருமாளண்ணே, எங்க மாமா வண்டிய நல்லாப் பண்ணி வுட்டுடுங்க. இல்லாட்டி அக்கா இங்கயே வந்து ஒக்காந்துக்கும்.”

“அதுக்குப் பயந்தாச்சும் பண்ணிடுறேன், போ” என்றார் கலியபெருமாள்.

கலியபெருமாள் திருகைத் தொடவில்லை. அதற்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு வந்தது. இந்த வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, முதலில் ரப்பர் குழாய்களில் காற்று கசிகிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தார். பிறகு, எஞ்சினின் மூன்று சிலிண்டர்களிலும் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் மூன்று பிளக்குகளின் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் வயரைப் பிடுங்கியதும் எஞ்சின் திணறியது. இரண்டாவதுக்கும் திணறியது. மூன்றாவதுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

“பாத்தீங்களா சார்? நின்னுக்கினு இருக்கும்போது மூணாவது வேல செய்யல. ரெண்டே காலுல நிக்குது. எப்படி நிக்கும்?”

ஆறு வாரமாக மூன்று பேருக்குத் தெரியாதது வயர்களைப் பிடுங்கிய இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இருபது நிமிட வேலை! இதைச் செய்யாமல்தான் ஒன்பது பிள்ளைகளைத் தண்டவாளத்துக்கு அனுப்பினார்களா?

மூன்றாவது பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து ஸ்டார்ட்டரை அடிக்கச் சொன்னார். பளிச்சென்று நீலப் பொறி வந்தது.

“பிளக் நல்லாத்தான் அடிக்குது. புதுசா?”

“புதுசு” என்றேன் நான். கைப்பையிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து, அதிலிருந்து பில்லை எடுத்து நீட்டினேன். ஜூலை 8, வியாழக்கிழமை, பொது சர்வீஸ், பிளக் மூன்று, புதியது. பில் கொடுத்த பட்டறை சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்தவருடையது. வண்டியை அங்கே சர்வீஸுக்கு விடும்படி ஆரோக்கியதாஸிடம் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் இந்தப் பில்லை நான் காட்டியிருக்கிறேன். எதையும் ஆதாரத்தோடு பேச வேண்டும் என்பது என் பழக்கம்.

கலியபெருமாள் பில்லைப் படித்தார், பிளக்கைத் தகரத் தட்டில் வைத்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பொறி வருது, பிளக்கும் புதுசு. அப்ப உள்ளார வால்வுதான். எஞ்சினை எறக்கணும். நாலு நாளு ஆவும்.”

ஆரோக்கியதாஸ் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நாலு நாள் என்றால் புதன்கிழமை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேறு வண்டி வந்துவிடும். வந்த வண்டி திரும்பிப் போகாது. மணி 11.25.

12.30. சாப்பாட்டு நேரம். புஷ்பம் தூக்கு வாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். மாமா மரத்தடியில் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பதைப் பார்த்து விவரம் கேட்டார். கலியபெருமாள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, தட்டிலிருந்த பிளக்கை எடுத்துப் புரட்டினார். நட்டு போன்ற இரும்புக்கு மேலே வெள்ளைப் பீங்கான் பகுதி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

“இது எங்க சாமானாட்டம்ல இருக்குது! இதுவும் பீங்கான்தானே?”

“பீங்கான்தான்.”

“இத டெஸ்ட் பண்ணீங்களா?”

“பொறி வருதும்மா. வேற என்னா டெஸ்ட்டு?”

“எங்க பியூஸ் கட்டையிலயும் லைட்டு எரியுந்தான். எரியுதேன்னு பாக்கெட்டுல போட்டுடுவமா? குடுங்க, வரேன்.”

சோற்றை மாமனிடம் கொடுத்துவிட்டுப் பிளக்கோடு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் வேலை செய்யும் கூடம் நூறு அடி தூரத்தில் இருந்தது. உள்ளே ஈர மண்ணின் மணம். ஒரு பக்கம் கை அழுத்து இயந்திரங்களில் மண்ணை வைத்து அழுத்திக் கட்டைகளாக எடுத்து, பலகைகளில் காயவைத்திருந்தார்கள். அடுத்து, பளபளப்புக் கரைசலில் முக்கும் தொட்டி. கடைசியில் சூளை. சூளையிலிருந்து வந்த சாமான் எல்லாம் ஒரு நீள மேசைக்கு வருகிறது. மேசையில் புஷ்பத்தின் இடம். வலது பக்கம் நீல மசி ஊறிய துணி, இடது பக்கம் உலர்ந்த துணி, நடுவில் ஓர் இரும்புப் பட்டையும் சின்னச் சுத்தியலும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மசி அதற்குள் இறங்கிவிடும், மேலே துடைத்தாலும் போகாது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டை பார்ப்பீர்கள் என்று கேட்டேன். “எண்றது என் வேல இல்ல சார். பாக்குறதுதான்” என்றார்.

பிளக்கின் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, மசித்துணியால் தேய்த்தார். அரை நிமிடம் வைத்திருந்தார். உலர்ந்த துணியால் துடைத்தார். பீங்கான் வெள்ளையானது. இரும்பு விளிம்புக்குச் சற்று மேலே மட்டும் தலைமுடி போல ஒரு நீலக் கோடு. பிளக்கைச் சுற்றிப் பாதி தூரம் ஓடி, விளிம்புக்குள் இறங்கி மறைந்தது.

“தேறாது” என்றார் புஷ்பம்.

இரண்டே விநாடி. பிளக்கை இரும்புப் பட்டையில் சாய்த்து வைத்தார், சுத்தியலை எடுத்தார், ஓங்கி ஒரு போடு. பீங்கான் நொறுங்கித் தெறித்தது.

நான் கத்திவிட்டேன். “என்னம்மா செய்யறீங்க? அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆதாரம்!”

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். புஷ்பம் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. நான் எதற்குக் கத்துகிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

“தேறாத சாமான் சார். ஒடைக்காம எப்படி வெக்கிறது? பாவம் பாத்து ஓரமா வெச்சா சாயந்திரமே எவனாச்சும் சாக்குல அள்ளிக்கினு போயி பாதி வெலைக்கு வித்துடுவான். எவனோ ஒரு வூட்டுல மழ நாள்ல கைய வெச்சான்னா போச்சி. இந்த மேசைக்கு வந்து தேறலேன்னா இங்கயே ஒடஞ்சிடணும். மொதலாளியே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம்.”

“இது உங்க கம்பெனி சாமான் இல்லியே!”

“எங்க மேசைக்கு வந்துடுச்சே.”

தரையில் மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கினேன். நீலக் கோடு இருந்த பகுதி தூளாகிப் போயிருந்தது. இரும்பு அடிப்பகுதி மட்டும் மிஞ்சியது. அதைப் பில் எழுதிய பட்டறைக்காரரிடம் காட்டினால், நீங்களே உடைத்துவிட்டு வந்து நியாயம் கேட்கிறீர்களா என்பார். இதுவே எங்கள் அலுவலகமாக இருந்தால் அதை உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, எண் கொடுத்து, அலமாரியில் பூட்டியிருப்பேன். ஒரு பெண் தன் வழக்கப்படி ஒரு சுத்தியலைத் தூக்கியதில் என் வழக்கு தூளானது.

ஷெட்டுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு விளக்கினார். வெளியே காற்றில் வைத்தால் பொறி சரியாக வரும். உள்ளே பெட்ரோலும் காற்றும் அழுத்தத்தில் இருக்கும்போது மின்சாரம் விரிசல் வழியாக நழுவிவிடும். வேகமாக ஓடும்போது மற்ற இரண்டும் இழுத்துவிடுவதால் தெரியாது, நிற்கும்போது மூன்றாவது படுத்துவிடும்.

“புது பிளக்குல விரிசல் எப்படி?”

“மூணாவது பிளக்கு உள்ளார இருக்குது, ஸ்பேனரு நேரா நிக்காது. பொறுமையாப் போடணும். அவன் சாய்ச்சி வெச்சி இறுக்கியிருக்கான். அப்ப டிக்குன்னு சத்தம் வந்திருக்கும் சார். காதுல வுழாம இருக்காது. கேட்டும் வுட்டுட்டான்.”

கேட்டும் விட்டுவிட்டான். இந்த இரண்டு சொற்கள் எனக்குள் ஊசி போல ஏறின. ஜூலை 8 அன்று, என் சிபாரிசில் போன வண்டியில், ஒருவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, பில் எழுதியிருக்கிறான். என் கோபத்தைக் கொட்ட எதிரே கலியபெருமாள்தான் இருந்தார்.

“நீங்களாவது பிளக்கை இடம் மாத்திப் போட்டுப் பாத்திருக்கலாமே? ஒண்ணாவது இடத்துல இதைப் போட்டிருந்தா ஒண்ணாவது படுத்திருக்குமே?”

“பாத்திருப்பேன். நீங்கதான் முந்திக்கினு பில்லக் காட்டினீங்களே சார். ஆபீசரு மாதிரி ஒருத்தரு கோப்பைத் தொறந்து புதுசுங்கறாரு. நான் என்னாத்தக் கண்டேன்?”

ஆரோக்கியதாஸ் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிதம்பரத்து மூவரிடமும் இந்தப் பில்லை நீட்டியவன் நான். அவர்கள் திருகைச் சுற்றியது சோம்பல்தான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மூன்றாவது பிளக்கின் பக்கம் அவர்கள் கை போகாமல் தடுத்தது என் கோப்பு.

1.40. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புது பிளக், அறுபத்தைந்து ரூபாய். கலியபெருமாள் அதைப் போடுமுன் புஷ்பம் கேட்டு வாங்கி மசி தடவிப் பார்த்தார். தேறியது. கலியபெருமாள் ஸ்பேனரை நேராகப் பிடித்து, கடைசித் திருப்பில் காதைக் கிட்டே வைத்துக்கொண்டு இறுக்கினார். மூன்று பேர் ஏற்றிவைத்த திருகை மூன்றேகால் சுற்று இறக்கினார். நான் எண்ணினேன்.

2.05-க்கு எஞ்சினை ஓடவிட்டோம். தண்ணீர் நிரம்பிய டம்ளரை வண்டியின் தரையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஹெட்லைட்டைப் போட்டோம், ஹாரன் அடித்தோம், கியர் போட்டு எடுத்தோம். 2.50 வரை நாற்பத்தைந்து நிமிடம். தண்ணீரில் சிறு வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. எஞ்சின் ஒரு தடவையும் உறுமவில்லை, ஒரு தடவையும் அடங்கவில்லை. ஆரோக்கியதாஸ் பின் இருக்கையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

3.10. கிளம்பினோம். புஷ்பம் வேலையிடத்திலிருந்தே கையை ஆட்டினார். நீல விரல்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை.

திரும்பும் வழி முழுதும் அதையேதான் நினைத்தேன். எங்கள் ஊரில் எதையும் உடைப்பதில்லை. தேறாத சாலைக்குத் தேறியது என்று ஒரு தாள் இருக்கிறது. தேறாத வண்டிக்கு ஒரு சான்று, தேறாத வேலைக்கு ஒரு பில். எல்லாத் தாளுக்கும் தேதி உண்டு, முத்திரை உண்டு, பத்திரமாக அடுக்கிவைக்க என்னைப் போல ஓர் ஆள் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். விருத்தாசலத்தில் ஒரு மேசையில் முதலாளி கேட்டாலும் கொடுக்காமல் உடைக்கிறார்கள். என் ஆதாரம் போனதற்கு எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அந்தச் சுத்தியல் ஜூலை 8 அன்று எங்கள் ஊரில் யார் கையிலாவது இருந்திருந்தால் எனக்கு ஆதாரமே தேவைப்பட்டிருக்காது.

5.20. சிதம்பரம், அதே ரயில்வே கேட். மூடியிருந்தது. எஞ்சினை அணைக்கவா என்று ஆரோக்கியதாஸ் கேட்கவில்லை, அணைக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பதினோரு நிமிடம் எஞ்சின் ஓடியது. ரயில் போனது. கேட் திறந்தது. போனோம்.

ஆகஸ்ட் 23, திங்கட்கிழமை. காலை 7.40-க்குத் தலைமை சிஸ்டரின் அறையில் என் காகிதத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம். ஜூலை 8 சர்வீஸ், மூன்றாவது பிளக்கில் விரிசல், நின்ற நாட்கள், மாற்றிய நாள், நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பட்டறைக்கு வண்டியை அனுப்பச் சொன்னவன் நான், பிளக் புதியது என்று பில்லைக் காட்டி எல்லோரையும் திசைமாற்றியவனும் நான் என்பதும் அதில் இருந்தது. சிஸ்டர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

“இது எதுக்கு சார்? வண்டி சரியாயிடுச்சான்னுதானே கேட்டோம்.”

“ஓட்டுநர் மேல தப்பு இல்லேன்னு நீங்க நம்பணும் சிஸ்டர். காட்டறதுக்குப் பிளக் இல்ல. உடைச்சிட்டாங்க. என் பேரைப் போட்டாத்தான் மிச்சமும் நிஜம்னு தெரியும்.”

“இனிமே நிக்காதுன்னு எழுதலையே?”

“அது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை நிக்கல. அது தெரியும்.”

காகிதத்தை மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு அடியில் எழுதினார்: அரையாண்டுத் தேர்வு வரை இதே வண்டி, அதன்பின் மறுபடி பார்க்கப்படும்.

வெளியே வேன், எஞ்சின் ஓடியபடியே நின்றது. பிள்ளைகள் இறங்கிவிட்டிருந்தார்கள். ஆரோக்கியதாஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“என்னா சொன்னாங்க?”

“அரையாண்டு வரைக்கும் ஓட்டலாம்.”

கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “அதுக்கப்புறம்?”

“வண்டியை இன்னொரு தரம் பாப்பாங்க.”

அவர் முகம் மாறியது. ஆறு வாரத்தில் நான் பார்க்காத கோபம் அது.

“என் வண்டிய பாப்பாங்க. பாக்கட்டும், புள்ளைங்க போற வண்டி, பாக்கத்தான் வேணும். அந்தப் பட்டறைய யாரு சார் பாப்பாங்க?”

அவர் முதல் கியரைப் போட்டு மெதுவாக நகர்ந்தார். மணி 8.05. அந்தக் கேள்வியை அவர் பெயரிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு, அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, பட்டறை இருக்கும் தெருவை நோக்கி நடந்தேன்.